பிறர் நூலைச் சுருக்கும் முறை

பிறர் நூற்பொருளைச் சுருக்கி வரைதல் எளிதெனப் பலர் கருதுவர். அஃது எளிதன்று. பாகலூரில் என்பாற் பாடங்கேட்கும் மாணாக்கர் ஒருவரைச் சிவஞான சித்தியார்ப் பரபக்கத்து உலகாயதன் கொள்கையைச் சுருக்கி வரைக என்றேன். அவர் கொள்கையை ஒரு வரியிலும் மறுப்பை ஒன்பது வரியிலும் எழுதிவந்தார். அது சுருக்கமாகாது, எதிர்வழக்காடலேயாம்.

அருணந்தி சிவாசாரியர் செய்தது யாது? உலகாயதர் முதற் பாஞ்சராத்திரிகள் ஈறாகப் பதினான்கு மதங்களையும் எடுத்து, ஒவ்வொன்றையும் முதற்கண் அம்மதத்தார் கூற்றாகவே நிறுத்திப் பின்னரே மறுத்தார். காட்சியே அளவை, பூதம் நான்கே, அவற்றின் கூட்டத்தில் அறிவு தோன்றும் என்னும் உலகாயதன் கூற்று ஆண்டு முழுமையாய் நிற்கும்.

ஆகலின், சுருக்க விழைவார் நூலை முற்றவும் ஓதி, ஆசிரியர் கொண்ட முடிபு யாது, அதற்குக் காட்டிய ஏது யாது எனப் பிரித்துணர்க. எடுத்துக்காட்டுக்களைக் குறைக்கலாம், ஏதுவை விடுதல் ஆகாது. தம் கருத்தை இடையே புகுத்தற்க. வேண்டின் பின்னர்த் தனியே கூறுக. எழுதிமுடித்து, ‘இதனை அவ்வாசிரியர் தம் கருத்தென உடன்படுவரா?’ என வினவுக. திரித்துரைத்து மறுப்பவன் தான் புனைந்ததையே மறுப்பவனாவான்.

அம்மாணாக்கர் மும்முறை எழுதினார். மூன்றாவதைப் படித்தபோது உலகாயதன் வாதம் எனக்கே சற்று வலிதாய்த் தோன்றிற்று. அதன் பின்னரே மறுப்புப் பாடத்தைத் தொடங்கினோம்.