கெலவரப்பள்ளி அணைக்கு வரும் இளம் பொறியாளருக்கு



மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஓசூர் அலுவலகத்தில் பணிக்குச் சேருபவருக்கு ஊர்க்காரர்கள் முதலில் காட்டுவது கெலவரப்பள்ளி அணையைத்தான். மழைக்காலத்தில் மதகு திறந்ததும் தென்பெண்ணை ஆற்றில் வெள்ளை நுரை மலைபோல் பொங்கும். காற்றில் பறந்து வயலில் விழும். "வாரியம் என்ன செய்கிறது?" என்று விவசாயிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

பெங்களூருவின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே ஆற்றில் சேர்ந்து, கொடியாளம் அருகே தமிழகத்துக்குள் வருகிறது. சோப்புத்தூள் ரசாயனம் கலந்த அந்த நீர், மதகிலிருந்து விழும் வேகத்தில் நுரைக்கிறது. 2017 பிப்ரவரியில் பெல்லந்தூர் ஏரியே தீப்பற்றி எரிந்தது. எல்லைக்கு அப்பால் தமிழக வாரியத்தின் ஆணை செல்லாது. ஆனால் எல்லையில் எடுத்த நீரின் ஆய்வறிக்கை பசுமைத் தீர்ப்பாயம் வரை செல்லும்.

எந்த நீருக்கு எந்தச் சட்டம் என்பதை முதல் மாதமே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் கழிவு கொட்டுவதையும் புதிய ஆலைகளையும் தடுக்கின்றன. வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது என்கின்றன. ஆனால் ஆற்றின் நீர்வழியும் பாசனத்துக்கென்றே கட்டிய அணையும் அந்த விதிகளின்படி ஈரநிலம் ஆகாது. ஏரி ஆக்கிரமிப்புக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அது நீர்வளத் துறையின் கையில். வாரியத்தின் கையில் இருப்பது 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம்.

அதன் 21ஆம் பிரிவை மனப்பாடம் செய்யுங்கள். சிப்காட் தொழிற்பேட்டை ஆலை ஒன்றின் வெளியேற்றுக் குழாயில் மாதிரி எடுக்கும்போது, ஆய்வுக்கு அனுப்பப்போவதாக அங்கேயே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆலைத் தரப்பின் முன்னிலையில் நீரை இரண்டாகப் பிரித்து, இரு கலன்களிலும் அடையாளமிட்டு, முத்திரை வைத்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இதில் ஒன்று தவறினாலும், கழிவு எவ்வளவு கறுப்பாக இருந்தாலும், அறிக்கை நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. பெங்களூருவின் நுரையைக் காட்டி உள்ளூர் ஆலை தப்பிவிடக் கூடாது என்றால் இந்த ஒழுங்கு அவசியம்.

நுரை பொங்கும் நாளில் கேமராக்கள் தாமாக வந்துவிடும். நுரை இல்லாத நாளிலும் ஐஸ் பெட்டியோடு கொடியாளம் போய் மாதிரி எடுத்து வாருங்கள். கெலவரப்பள்ளிப் பாசன விவசாயிகள் தீர்ப்பாயத்தின் அடுத்த விசாரணையில் நீட்டுவதற்கு, தேதியும் இடமும் பிழையில்லாத அந்த அறிக்கைகள் வேண்டும்.