எட்டும் எட்டும் சமமா?

சென்ற வருடக் கடைசி விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு பெரிய ஆலோசனை நடந்தது. உம்மாவுக்குச் சீட்டு விழுந்திருந்தது. தம்பிக்கு வேண்டியது விளையாட ஒரு பிளேஸ்டேஷன். எனக்கு வேண்டியது படிக்க ஒரு கணினி. இரண்டையும் வாங்கக் காசு போதாது. வாப்பா என்னைப் பார்த்து, "மகள், நீங்கதானே இதெல்லாம் படிக்கிறீங்க. கணினியில தம்பிட கேமும் ஒழுங்கா ஓடுமா?" என்று கேட்டார்.

கடையில் தந்த விலைத்தாளில் "கிராபிக்ஸ் 8 ஜி.பி." என்று அச்சிட்டிருந்தது. சாச்சாவின் மகனிடம் இருக்கும் பிளேஸ்டேஷன் 4 இன் நினைவகமும் 8 கிகாபைட் என்பது எனக்குத் தெரியும். "ரெண்டும் ஒண்டுதான் வாப்பா, தாராளமா ஓடும்" என்றேன்.

கணினி வீட்டுக்கு வந்தது. சாச்சா வீட்டில் வழுக்கிக்கொண்டு ஓடிய அதே கார்ப் பந்தயம் எங்கள் வீட்டில் விக்கி விக்கி ஓடியது. வளைவில் காரைத் திருப்பும்போது படம் ஒரு கணம் நின்றுவிடும். மறுபடி ஓடத் தொடங்கும்போது கார் சுவரில் மோதியிருக்கும். தம்பி இரண்டு நாள் பொறுத்தான். மூன்றாம் நாள், "ராத்தா, நீங்க சொன்னது பொய்தானே?" என்று கேட்டான்.

நான் பொய் சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்லிவிட்டேன். அதன் பிறகு நான் தேடிப் படித்தவற்றையும் செய்து பார்த்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு ஒரு கருவி வாங்கக் காசு சேர்க்கும் பெற்றோருக்கும், வீட்டில் "நீதானே படிக்கிறாய், சொல்லு" என்று கேட்கப்படும் என் போன்ற மாணவிகளுக்கும் இது உதவக்கூடும்.

திரையில் என்ன நடக்கிறது?

கேமில் நாம் காண்பது முன்னரே எடுத்து வைத்த படம் அல்ல. நாம் பொத்தானை அழுத்துவதற்கு ஏற்ப ஒவ்வொரு படமும் அந்தக் கணத்திலேயே கணக்கிட்டு வரையப்படுகிறது. அப்படி வரையப்படும் ஒரு படத்தைச் சட்டகம் என்போம். விளையாடுபவர்கள் பிரேம் என்பார்கள். படம் பிக்சல் எனப்படும் சிறு புள்ளிகளால் ஆனது. 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் உள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. 4கே எனப்படும் 3840 இற்கு 2160 திரையில் 82,94,400 புள்ளிகள். அதாவது சரியாக நான்கு மடங்கு. செக்கனுக்கு 60 சட்டகம் வேண்டுமென்றால், 4கே திரைக்கு ஒவ்வொரு செக்கனும் ஏறத்தாழ 50 கோடிப் புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். இந்த வேலையைச் செய்வது வரைவியல் செயலி. அதற்கு வேண்டிய தரவை வைத்திருப்பது நினைவகம்.

முதலாவது இலக்கம்: நினைவகத்தின் அளவு

நான் ஏமாந்தது இங்கேதான். எங்கள் கணினியில் தனியான கிராபிக்ஸ் கார்ட் இல்லை. வரைவியல் செயலி பிரதான செயலியின் உள்ளேயே இருக்கிறது. அது கணினியின் பொது நினைவகத்திலிருந்து இடம் எடுத்துக்கொள்ளும். மொத்தம் 16 கிகாபைட் இருந்தால், அதில் ஏறத்தாழப் பாதியை வரைவியலுக்குப் பகிரலாம் என்று விண்டோஸ் காட்டும். விலைத்தாளில் இருந்த 8 அந்தப் பாதிதான்.

பகிர்வது மட்டும் குற்றமல்ல. பிளேஸ்டேஷன் 4 இலும் அந்த 8 கிகாபைட்டைப் பிரதான செயலியும் வரைவியல் செயலியும் பகிர்ந்தே பயன்படுத்துகின்றன. வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 4 இன் நினைவகம் செக்கனுக்கு 176 கிகாபைட் தரவை அனுப்பவல்லது. எங்கள் கணினியில் இருப்பது டி.டி.ஆர்.4 வகையில் 3200 என்று குறிக்கப்பட்ட ஒரே ஒரு நினைவகத் துண்டு. அது உச்சமாக அனுப்பக்கூடியது செக்கனுக்கு 25.6 கிகாபைட். 176 ஐ 25.6 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7 வரும்.

இரண்டு கிணறுகளில் ஒரே அளவு தண்ணீர் இருக்கலாம். ஒன்றில் மோட்டர் பூட்டியிருக்கிறது, மற்றதில் வாளியால் அள்ள வேண்டும். நான் தண்ணீரின் அளவை மட்டும் பார்த்துவிட்டு "ரெண்டும் ஒண்டுதான்" என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றையும் பிறகுதான் அறிந்தேன். 16 கிகாபைட்டை ஒரே துண்டாகப் போடாமல், 8 கிகாபைட் துண்டுகள் இரண்டாகப் போட்டால் இரண்டு பாதைகளாலும் தரவு செல்லும். உச்ச வேகம் 51.2 ஆக இரட்டிக்கும். வாங்கும்போது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இரண்டாவது இலக்கம்: டெராபிளொப்

கொன்சோல் விளம்பரங்களில் அடிக்கடி வரும் சொல் இது. செக்கனுக்கு ஒரு இலட்சம் கோடி தசமக் கணக்குகள் என்பது ஒரு டெராபிளொப். இதை நாமே கணித்துப் பார்க்கலாம். 2020 நவம்பரில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5 இன் வரைவியல் செயலியில் 36 கணிப்பு அலகுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 64 கூறுகள். ஒவ்வொரு கூறும் ஒரு துடிப்பில் 2 கணக்குகள் செய்யும். துடிப்பின் உச்ச மீடிறன் 2.23 கிகாஹேர்ட்ஸ். இவை அனைத்தையும் பெருக்கினால் ஏறத்தாழ 10.28 டெராபிளொப் கிடைக்கும். அதே மாதம் வந்த எக்ஸ்பொக்ஸ் சீரீஸ் எக்ஸ் இல் 52 அலகுகள், 1.825 கிகாஹேர்ட்ஸ். பெருக்கினால் 12.15.

இந்தக் கணக்கின்படி எக்ஸ்பொக்ஸ் 18 சதவீதம் முன்னால் நிற்க வேண்டும். ஆனால் இரண்டுக்கும் பொதுவாக வந்த பல கேம்களில் இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே ஓடின; சிலவற்றில் ஒன்றும் சிலவற்றில் மற்றதும் முந்தின. காரணம், டெராபிளொப் என்பது எல்லாக் கூறுகளும் ஒரு கணமும் சும்மா இராமல் வேலை செய்தால் வரும் உச்சக் கணக்கு. தரவு வரும் வரை காத்திருக்கும் நேரமோ, கேமை எழுதியவர்கள் அந்தக் கருவிக்கு எவ்வளவு பொருத்தமாக எழுதினார்கள் என்பதோ அதில் சேராது. வெவ்வேறு நிறுவனங்களின், வெவ்வேறு காலத்துச் செயலிகளை இந்த இலக்கத்தால் ஒப்பிடுவது இன்னும் பிழையானது.

மூன்றாவது இலக்கம்: 4கே

பெட்டியில் 4கே என்று இருந்தால், 82 இலட்சம் புள்ளிகளும் ஒவ்வொரு தடவையும் கணக்கிடப்படுகின்றன என்று பொருளல்ல. 2016 இல் வந்த பிளேஸ்டேஷன் 4 புரோவில் சில கேம்கள் சதுரங்கப் பலகை போல ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதிப் புள்ளிகளை வரைந்து, மீதியை முந்திய சட்டகத்தின் உதவியோடு நிரப்பின. இன்று பல கேம்கள் காட்சி பாரமாகும்போது புள்ளிகளின் எண்ணிக்கையைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன. கணினிகளிலும் என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ்., ஏ.எம்.டி.யின் எப்.எஸ்.ஆர். போன்ற முறைகள் சிறிய படத்தைப் பெரிதாக்கித் தருகின்றன. இவை மோசடி அல்ல, திறமையான முறைகள். ஆனால் ஒரு கருவி முழுப் படத்தையும் மற்றது பாதிப் படத்தையும் வரையும்போது, சட்டக எண்ணிக்கையை மட்டும் வைத்து "இது வேகம்" என்று சொல்லிவிட முடியாது.

எதை அளக்க வேண்டும்?

ஒவ்வொரு சட்டகத்தையும் வரைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதையே அளக்க வேண்டும். செக்கனுக்கு 30 சட்டகம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 33.3 மில்லி செக்கன் கிடைக்கும். 60 என்றால் 16.7. 120 என்றால் 8.3 மட்டுமே.

சராசரி நம்மை ஏமாற்றும் விதத்தைப் பாருங்கள். ஒரு செக்கனில் 59 சட்டகங்கள் 900 மில்லி செக்கனில் வேகமாக வந்துவிடுகின்றன. 60 ஆவது சட்டகம் மட்டும் 100 மில்லி செக்கன் எடுக்கிறது. சராசரி செக்கனுக்கு 60 தான். ஆனால் அந்த ஒரு சட்டகத்தில் படம் நின்றதைக் கண் பிடித்துவிடும். வகுப்பின் சராசரிப் புள்ளி நன்றாக இருப்பதால் எல்லோரும் சித்தியடைந்தார்கள் என்று சொல்ல முடியாதல்லவா? அதனால்தான் முறையாகச் சோதிப்பவர்கள் சராசரியோடு, மிக மெதுவான ஒரு சதவீதச் சட்டகங்களின் வேகத்தையும் தனியாகத் தருகிறார்கள்.

நாங்கள் செய்த பரிசோதனை

விலை கூடிய கருவி எதுவும் எங்களிடம் இல்லை. வாப்பாவின் கைத்தொலைபேசியில் செக்கனுக்கு 240 படம் எடுக்கும் மெதுவசை வசதி இருந்தது. திரை செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுவது. ஆகவே கேமின் ஒவ்வொரு சட்டகமும் தொலைபேசியின் எத்தனை படங்களில் மாறாமல் நிற்கிறது என்று எண்ணினால் போதும். 4 என்றால் செக்கனுக்கு 60 சட்டக வேகம். 8 என்றால் 30.

முதல் தடவை பிழை விட்டேன். சாச்சா வீட்டில் ஒரு பாதையிலும் எங்கள் வீட்டில் வேறொரு பாதையிலும் காரை ஓட்டிப் படம் எடுத்துவிட்டேன். ஒரு காரணியை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைக்க வேண்டும் என்பது ஆய்வுகூடத்தில் நாம் முதலில் படிப்பது. ஆகவே மறுபடியும் இரண்டு இடத்திலும் அதே கேம், அதே பாதை, அதே வளைவு, அதே 1080 திரை அளவு என்று எடுத்தோம். தம்பி காரை ஓட்டினான். நான் தொலைபேசியைப் பிடித்தேன்.

பிளேஸ்டேஷன் 4 இல் 8, 8, 8, 8 என்றே வந்தது. எங்கள் கணினியில் 4, 4, 8, 4, 4 என்று வந்து, வளைவில் திடீரென்று 20. சராசரியில் எங்கள் கணினியே வேகம் கூடியது! ஆனால் அந்த 20 என்பது 83 மில்லி செக்கன். கார் சுவரில் மோதியதற்குக் காரணம் அதுதான்.

கொன்சோல் ஏன் சீராக ஓடுகிறது?

ஒரு கொன்சோலின் ஒரே மாதிரியில் கோடிக்கணக்கான பிரதிகளும் ஒரே உறுப்புகளால் ஆனவை. கேமை எழுதுபவர்கள் அந்த ஒரே அமைப்புக்கு அளந்து எழுதி, 30 இல் நிற்கட்டும் என்று முன்பே தீர்மானித்துவிடுகிறார்கள். ஒளி, நிழல் கணக்கிடும் சிறு நிரல்களையும் அந்தச் செயலிக்கென்று முன்கூட்டியே ஆயத்தம் செய்து அனுப்புகிறார்கள். கணினிகளோ ஒன்றைப் போல் ஒன்று இல்லை. அந்தச் சிறு நிரல்களை ஒவ்வொரு கணினியும் தன் செயலிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். அது விளையாட்டின் நடுவில் நடந்தால் படம் விக்கும்.

ஆனால் கணினியில் தீர்மானம் நம் கையில் இருக்கிறது. நிழலைக் குறைக்கலாம், புள்ளிகளைக் குறைக்கலாம், வேகத்துக்கு எல்லை போடலாம். அதே கணினியில் படிக்கலாம், நிரல் எழுதலாம்.

ஒப்பிடாததால் வந்த நட்டம்

2020 டிசம்பர் 10 இல் போலந்து நாட்டின் சி.டி. புரொஜெக்ட் நிறுவனம் சைபர்பங்க் 2077 என்ற கேமை வெளியிட்டது. அது வயது வந்தோருக்கு மட்டுமான கேம், நமக்கு உரியதன்று. ஆனால் அதன் கதை நமக்கு ஒரு பாடம். வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கொடுக்கப்பட்டது கணினிப் பதிப்பு மட்டுமே. உயர்ந்த கணினிகளில் அது அழகாக இருந்தது. அதை நம்பிப் பழைய பிளேஸ்டேஷன் 4 இற்கும் எக்ஸ்பொக்ஸ் வன்னுக்கும் வாங்கியவர்களின் வீட்டில் அது 30 சட்டகத்தைக்கூடத் தாங்காமல் தடுமாறியது. நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கோரியது. சுமார் ஒரு வாரத்தில் சோனி நிறுவனம் அதைத் தன் இணையக் கடையிலிருந்து நீக்கிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது. 2021 ஜூனில்தான் அது மீண்டும் அந்தக் கடைக்கு வந்தது. ஒரு கருவியில் கண்டதை வைத்து இன்னொரு கருவியைப் பற்றிச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது. நானும் சிறிய அளவில் அதையே செய்திருந்தேன்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

பெட்டியில் உள்ள இலக்கத்தை விட்டுவிட்டு, பிள்ளை விளையாடும் அதே கேமை அதே கருவியில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தனி கிராபிக்ஸ் கார்ட் உண்டா, அதற்கென்று தனியான நினைவகம் எவ்வளவு, பொது நினைவகம் ஒரு துண்டா இரண்டா என்று கேளுங்கள். மின்சாரத்தையும் கணக்கில் சேருங்கள். பிளேஸ்டேஷன் 5 இல் பாரமான கேம் ஓடும்போது ஏறத்தாழ 200 உவாற்று செலவாகும். நாளுக்கு 2 மணித்தியாலம் விளையாடினால் 30 நாளில் 12 அலகு. ஆர்.டி.எக்ஸ். 4090 போன்ற உயர்ந்த கிராபிக்ஸ் கார்ட் ஒன்றுக்கு மட்டும் 450 உவாற்று வரை வேண்டும். அதே நேரத்துக்கு 27 அலகு, கணினியின் மற்ற உறுப்புகள் வேறாக.

கடைசியில் நாங்கள் கேமின் நிழலைக் குறைத்து, வேகத்துக்கு 30 என்று எல்லை போட்டோம். மறுபடி எண்ணினோம். 8, 8, 8, 8. வளைவிலும் 8. நிழல்தான் கொஞ்சம் மங்கல்.

தம்பி சுவரில் மோதாமல் முதல் தடவை பந்தயத்தை முடித்த அன்று வாப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப ரெண்டும் ஒண்டுதானா மகள்?" என்று கேட்டார்.

"இல்ல வாப்பா" என்றேன். "ஒண்டில்ல. ஆனா இப்ப என்ன வித்தியாசம் எண்டு எனக்குத் தெரியும்."

க.பொ.த. உயர்தரம், பௌதிக விஞ்ஞானப் பிரிவு