எங்கிருந்து வந்தது? வாணலியோடு ஓடுகிற ஊர்

கேள்வி: கம்பெனி குடும்ப விழாவில் பான்கேக் ஓட்டம் வைத்து, வசூலை முதியோர் இல்லத்துக்குத் தரப்போகிறோம். இந்த ஓட்டத்தை யார் ஆரம்பித்தது?
– வாசகி, ஒரகடம்

பதில்: இங்கிலாந்தில் ஓல்னி என்றொரு ஊர். 1445-இல் அங்கே ஒரு குடும்பத்தலைவி பான்கேக் சுட்டுக்கொண்டிருக்கும்போது தேவாலய மணி அடித்ததாம். பாவமன்னிப்புக்கு நேரமாகிவிட்டதே என்று கையில் வாணலியோடு ஓடினாராம். ஓடியவர் பெயர் தெரியாது, வருடம் மட்டும் துல்லியமாகத் தெரியும்! இந்தக் கதையை நான் நம்பமாட்டேன். அடுப்பை நம்புவேன். ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் தவக்காலத்தில் அந்நாளில் முட்டை, பால், வெண்ணெய் ஆகாது. அதனால் முந்தைய செவ்வாயன்றே எல்லாவற்றையும் மாவில் கலக்கிச் சுட்டுத் தீர்த்தார்கள்.

ஓல்னியில் நடந்துவந்த ஓட்டம் நடுவில் நின்றுபோனது. பழைய ஓட்டங்களின் புகைப்படங்கள் கண்ணில் பட்டதும், 1948-இல் பாதிரியார் ரொனால்டு காலின்ஸ் மறுபடி தொடங்கிவைத்தார். நான் இந்தப் பக்கத்தில் ஓயாமல் சொல்வதும் அதுதான்: விழா எடுத்தால் படம் எடுங்கள், எழுதி வையுங்கள்! 1950 முதல் அமெரிக்காவின் கான்சஸில் உள்ள லிபரல் ஊர்ப் பெண்களும் அதே செவ்வாயன்று 415 கஜம் ஓடுகிறார்கள். எந்த ஊர் முந்தியது என்று நேரத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

கேள்வி: ஓட்டத்தில் தர்மம் எப்படிச் சேர்ந்தது?
– வாசகர், வல்லம்

பதில்: கதையில் வரும் பெண்மணி யாருக்கும் நிதி திரட்டவில்லை. தர்மம் பிற்காலத்து வரவு. இன்று லண்டனில் எம்.பி.க்கள், பிரபுக்கள் சபையினர், பத்திரிகையாளர்கள் என்று மூன்று அணிகள் நாடாளுமன்றத்தின் அருகிலேயே வாணலியோடு ஓடுகின்றன. மாற்றுத்திறனாளிகளுக்காக உழைக்கும் ரீஹேப் அமைப்புக்காக இந்த ஓட்டம். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே அணியில் ஓட வேறெந்த வழி இருக்கிறது?

கேள்வி: சாப்பாட்டை வைத்துப் பணம் திரட்டுவது நம்மிடம் உண்டா?
– வாசகர், சுங்குவார்சத்திரம்

பதில்: ஆடி மாதம் பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் போய்ப் பாருங்கள். மொய் விருந்து! கறிச்சோறு போடுவார்கள், வந்தவர் மொய் எழுதுவார். அது தர்மமல்ல, திருப்பிச் செய்யவேண்டிய கடன். ஆனால் அந்த மொய் நோட்டைப் பாருங்கள்: யார், எந்த ஊர், எவ்வளவு என்று அத்தனையும் எழுத்தில் இருக்கும். ஒரகடம் வாசகியும் தன் ஓட்டத்துக்கு அப்படி ஒரு நோட்டு போடட்டும். கொடுத்தவருக்குக் கணக்கு தெரிந்தால்தான் அடுத்த வருடமும் கை நீளும்.

கேள்வி: பான்கேக்குக்குப் பதில் தோசை?
– அதே வாசகர்

பதில்: தாராளமாக! முறுகல் மட்டும் வேண்டாம், தூக்கிப் போட்டால் நொறுங்கிவிடும். தடித்த கல்தோசையை முதலிலேயே சுட்டு, லேசான வாணலியில் போட்டுக் கொடுங்கள். இரும்புக் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அது பளுதூக்கும் போட்டி.