கூட்டாளிகளோடு ஆலோசனை

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகனின் பையில் புகையிலைப் பொட்டலம் இருந்தது. இதே பழக்கமுள்ள பையன்களோடு குழு ஆலோசனைக்கு அனுப்பச் சொல்கிறது பள்ளி. அனுப்பலாமா? – ஒரு தாய், தேனி

பதில்: யார் நடத்துகிறார், எப்படி நடத்துகிறார் என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள், அம்மா. அமெரிக்காவின் ஓரிகனில் தாமஸ் டிஷியன் குழுவினர் வழிதவறும் ஆபத்துள்ள பிள்ளைகளை மட்டும் கூட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களிடம் புகைப்பழக்கம் கூடியதாக 1999-ல் எழுதினார்கள். ‘வாத்தியாருக்குத் தெரியாம எப்படிப் போட்டேன் தெரியுமா?’ என்பான் குழுவில் ஒருவன். நாலு பேர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புதான் அவனுக்குப் பரிசு. அங்கேயே பேச்சை மாற்றத் தெரிந்தவர் வேண்டும். பழக்கமில்லாத பிள்ளைகளும் கலந்திருந்தால் நல்லது. பெற்றோருக்கும் வகுப்பு உண்டென்றால் நீங்களும் அவசியம் போங்கள். பையனை அடிக்காதீர்கள். போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவும் 14446 என்ற இலவச எண்ணில் இன்றே பேசுங்கள்.