சுவீடிய மொழியில் கேள்வி கேட்பது எப்படி?

நோபல் பரிசு வழங்கும் நாடு என்ற அளவில் சுவீடனை நாம் அறிவோம். அந்நாட்டு மக்கள் பேசும் சுவீடிய மொழி, அண்டை நாடான பின்லாந்தின் இரு ஆட்சிமொழிகளுள்ளும் ஒன்று. அம்மொழியில் வினா வாக்கியம் அமையும் முறையை இங்குக் காண்போம்.

தமிழில் 'நீ பேசுகிறாய்' என்பதுடன் 'ஆ' சேர்த்தால் போதும், 'நீ பேசுகிறாயா?' என்று வினா பிறந்துவிடும். ஆங்கிலத்தில் 'டூ' என்னும் துணைவினை தேவைப்படுகிறது. சுவீடிய மொழிக்கு இவ்விரண்டும் வேண்டியதில்லை.

'தூ தாலர் ஸ்வென்ஸ்கா' என்றால் 'நீ சுவீடிய மொழி பேசுகிறாய்' என்று பொருள். (முதற்சொல்லில் உள்ள தகரத்தைத் 'தேவி' என்பதிற்போல ஒலிக்க வேண்டும்.) 'தூ' என்பது நீ, 'தாலர்' என்பது வினைச்சொல். இதனை வினாவாக்கினால் 'தாலர் தூ ஸ்வென்ஸ்கா?' என்றாகும்.

எழுவாயும் வினையும் இடம் மாறினால் வினா என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். 'நூ தாலர் தூ ஸ்வென்ஸ்கா' என்னும் வாக்கியத்தைப் பாருங்கள். 'நூ' என்றால் இப்பொழுது. இங்கும் வினை எழுவாய்க்கு முன்னேதான் நிற்கிறது. ஆயினும் இது வினா அன்று; 'இப்பொழுது நீ சுவீடிய மொழி பேசுகிறாய்' என்னும் செய்தியே!

காரணம் இதுதான்: செய்தி வாக்கியத்தில் வினைச்சொல் எப்பொழுதும் இரண்டாம் இடத்தில் நிற்கும். முதலிடத்தில் எழுவாய் வரலாம், காலம் வரலாம், இடம் வரலாம். நான்கு சொற்கள் கொண்ட தொடராயினும் அது ஓர் இடமே. முதலிடத்தில் எழுவாய் அல்லாத ஒன்று வந்தமர்ந்தால், எழுவாய் வினைக்குப் பின்னே சென்றுவிடும். அந்த முதலிடத்தை வெறுமையாக விட்டு, வினையைக் கொண்டே வாக்கியத்தைத் தொடங்கினால்தான் 'ஆமா, இல்லையா' என்னும் வகை வினா கிடைக்கிறது. ஏவல் வாக்கியமும் வினையில் தொடங்கும். ஆனால் அங்கே 'தாலர்' என்பது 'தாலா' எனக் குறுகிவிடும்.

என்ன, யார், எங்கே என்று கேட்க 'வாத்', 'வெம்', 'வார்' என்னும் வினாச்சொற்கள் உண்டு. இவை முதலிடத்தைப் பிடித்துக்கொள்ளும். வினை வழக்கம்போல் இரண்டாவது. 'வார் பூர் தூ?' — நீ எங்கே வசிக்கிறாய்? இவ்வினாவே வேறொரு வாக்கியத்தின் உள்ளே புகுந்தால் வரிசை மாறும். 'நீ எங்கே வசிக்கிறாய் என்று எனக்குத் தெரியும்' என்பது 'யாக் வேத் வார் தூ பூர்'. இப்பொழுது 'தூ' முன்னே, 'பூர்' பின்னே. புதிதாகக் கற்போர் பெரும்பாலும் தடுமாறுவது இவ்விடத்தில்தான்.

இனி விடை. ஆம் என்பதற்கு 'யா'; இல்லை என்பதற்கு, நம் காதில் வேடிக்கையாக விழும், 'நெய்'! 'நீ சுவீடிய மொழி பேசமாட்டாயா?' என்று எதிர்மறையில் ஒருவர் கேட்டால், 'யா' என்று சொல்லக்கூடாது. 'பேசுவேனே!' என்று மறுத்துரைக்க 'யூ' என்னும் தனிச்சொல்லே இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு இணையான ஒற்றைச் சொல் இன்று வழக்கில் இல்லை.

பயிற்சி: 'ஹான் பூர் ஹேர்' என்றால் 'அவன் இங்கே வசிக்கிறான்'. இதனை வினாவாக மாற்றுங்கள். பின்னர் 'நூ' என்று தொடங்கிச் செய்தியாகவும் எழுதிப் பாருங்கள்.

(விடை: பூர் ஹான் ஹேர்? — நூ பூர் ஹான் ஹேர்.)