கரிசல் பாட்டுக்கு லண்டன் வயலின்: சில குறிப்புகள்

கொடைப் பாட்டு, குறும்படம், கட்சிப் பாட்டு என்று கோவில்பட்டிப் பக்கம் வீட்டு அறையிலேயே இசையமைப்பவர்களுக்கு:

1. ஆர்கெஸ்ட்ரா சாம்பிள் மென்பொருளில் இருப்பது நிஜக் கலைஞர்கள் ஒவ்வொரு சுரமாக வாசித்துப் பதிந்த ஒலி. எடுத்ததும் காசைக் கொட்ட வேண்டாம். ஸ்பிட்ஃபயர் நிறுவனம் லண்டனில் பதிந்த 'பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா'வில் டிஸ்கவர் பதிப்பு இலவசம், சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடும். பெரிய பதிப்புக்குப் பல நூறு ஜிபி இடம் வேண்டும். சின்னதில் கை பழகட்டும்.

2. சாம்பிள்களைத் தனி எஸ்எஸ்டியில் வையுங்கள். ராம் 16 ஜிபியாவது இருக்கட்டும். யுபிஎஸ் கட்டாயம். ஆடிக்காற்றில் வரும் கரிசல் புழுதி கம்ப்யூட்டர் ஃபேனை அடைத்தால் அந்த இரைச்சலும் மைக்கில் விழும்.

3. 16 வயலின்கள் சேர்ந்து வாசித்த சாம்பிளில் மூன்று விரல் வைத்து கார்டு பிடித்தால் 48 வயலின் கேட்கும். பாட்டு கொழகொழவென்று ஆவதற்குப் பாதிக் காரணம் இதுதான். முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ என்று ஆளுக்கொரு சுரமாகப் பிரித்துக் கொடுங்கள்.

4. நீண்ட சுரங்களில் மாடுலேஷன் வீலை ஏற்றி இறக்குங்கள். அது ஒலியளவை மட்டும் கூட்டுவதில்லை. மெல்ல வாசித்த பதிவிலிருந்து அழுத்தி வாசித்த பதிவுக்கும் மாற்றும். புல்லாங்குழலுக்கும் டிரம்பெட்டுக்கும் மூச்சுவிட இடைவெளி கொடுங்கள். மென்பொருளுக்கு மூச்சு வாங்காது, கேட்கிறவருக்கு வாங்கும்.

5. பயிற்சிக்கு நோட்டுசுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1835இல் எட்டயபுரத்தில் மறைந்த முத்துசாமி தீட்சிதர், ஐரோப்பிய மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் எழுதிய உருப்படிகள் இவை. கமகமில்லாத நேர்சுரங்கள் என்பதால் சாம்பிளுக்கு அப்படியே பொருந்தும். வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த அவர் தம்பி பாலுசாமி தீட்சிதரும் எட்டயபுர சமஸ்தான வித்வான்தான். ஆகவே வயலின் நமக்கு அந்நியமில்லை.

6. ராகம் என்று வந்தால் சாம்பிள் திணறும். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகப் பதிந்தது. கமகமோ இரண்டு சுரங்களுக்கு நடுவில் இருக்கிறது. பிட்ச் பெண்ட் சக்கரத்தால் இழுத்தால் ரப்பர் மாதிரி ஜவ்வாக நீளும். கோவில்பட்டியில் குடியிருந்த நாகசுர வித்வான் காருகுறிச்சி அருணாசலம், 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ். ஜானகி குரலோடு வாசித்த 'சிங்காரவேலனே' பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். உதடும் மூச்சும் சேர்ந்து செய்கிற அந்த வழுக்கலுக்கு எந்தப் பொத்தானும் இல்லை. பிசிகாட்டோ, டிரெமலோ என்று வாசிப்பு முறையை மாற்ற மென்பொருளில் கீஸ்விட்ச் உண்டு; கமகத்துக்கு அப்படி ஒன்றில்லை. தீட்சிதர் குடும்பத்துச் சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் அச்சிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' நூலில் கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகளே போட்டிருக்கிறார். லண்டனில் பதிந்த சாம்பிளில் அவற்றைத் தேடினால் கிடைக்காது. பின்னணிக்கு சாம்பிள், முன்னால் ஒரு நிஜ நாகசுரம் என்று வையுங்கள்.

7. நாகசுரத்தை மென்பொருளின் சுருதிக்கு இழுக்காதீர்கள். சீவாளி (ஊதும் நாக்கு) பதமாகிற வரை வித்வானைக் கொஞ்சநேரம் வாசிக்கவிட்டு, ட்யூனரில் அளந்து, மென்பொருளின் மாஸ்டர் ட்யூனிங்கை அதற்கேற்ப நகர்த்துங்கள். ட்ராக் முழுவதையும் போட்டு முடித்த பிறகு அவரைக் கூப்பிடுவது வீண்சண்டைக்கு வழி.

8. மைக்கை நாகசுரத்தின் அகன்ற வாயான அனசுக்கு நேரே வைத்தால் ஒலி வெடிக்கும். சில அடி தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். தவிலைத் தனியாகப் பதியுங்கள். முகூர்த்த நாளிலும், கழுகுமலை பங்குனி உத்திரச் சமயத்திலும் மேளக்காரர்களைத் தேடாதீர்கள். கல்யாணமில்லாத மார்கழியில், காலைக் கோயில் வாசிப்பு முடிந்த பிறகு பேசுங்கள். சம்பளத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

9. மென்பொருளை வாங்கினால் அந்த ஒலியைப் பாட்டில் பயன்படுத்தும் உரிமைதான் கிடைக்கும். சாம்பிள்களை மட்டும் தனியே பிரித்து விற்க முடியாது. பென்டிரைவில் கைமாறி வரும் திருட்டுப் பிரதியில் வைரஸும் வரும்.

10. என்றாவது நிஜ ஆர்கெஸ்ட்ரா அமைந்தால், கம்ப்யூட்டர் கோப்பை அப்படியே நீட்டாதீர்கள். வயலினின் அடிக் கம்பிக்குக் கீழே நீங்கள் எழுதிய சுரத்தை எந்த வயலின்காரராலும் வாசிக்க முடியாது. வில்லின் போக்கு, மூச்சு இடம் எல்லாம் தாளில் குறிக்க வேண்டும். பி-ஃபிளாட் கிளாரினெட்டுக்கு ஒரு முழுச்சுரம் ஏற்றி எழுத வேண்டும். எஃப் ஹார்னுக்கு ஐந்தாம் சுர இடைவெளி அளவு ஏற்ற வேண்டும்.