ஒரே தட்டு, இரண்டு தடவை

கேள்வி: என்னிடம் 300 சினிமா இசைத்தட்டுகள் இருக்கின்றன. வாங்கியதையே மறுபடி வாங்கிவிடுகிறேன். எப்படிக் கணக்கு வைப்பது?

பதில்: படப் பெயரை மட்டும் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். ஒரே படத்துக்கு 12 அங்குல எல்.பி.யும் 7 அங்குல இ.பி.யும் வந்திருக்கும், கதை வசனத் தட்டு தனி. நடு லேபிளில் கம்பெனியின் வரிசை எண் இருக்கும். நோட்டில் அதை முதலில் எழுதுங்கள். லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் பொறித்த எண்ணையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். லேபிள் கிழிந்த தட்டுக்கு அதுதான் துணை. டிஸ்காக்ஸ் இணையதளத்திலும் பதியலாம். ஆனால் இளையராஜா பெயரையே ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், தேடி அலுத்துவிடும். நான் இன்னும் நோட்டுக் கட்சிதான். பழைய தட்டுக் கடைக்குக் கிளம்பும்முன் அந்தப் பக்கங்களை போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.